களைக்குத் தண்ணீர்

அடி அண்ணாமலை
5.12.2001

அன்பு மகன் வளவனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நாங்கள் இங்கே சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, யாருக்கு எழுதினாலும் அப்படியே எழுதிப் பழகிவிட்டது, இந்தத் தடவை பாதி சுகம் என்று வைத்துக்கொள். நீயும் சினேகாவும் முழுச் சுகமாக இருக்கிறீர்களா என்று எழுது. மலைமேல் தீபம் இன்னும் எரிகிறது, தீபத்தன்று கூட்டத்தில் வாசலைக்கூடத் தாண்ட முடியவில்லை, உன் பெயருக்கு வீட்டிலிருந்தே கும்பிட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை போனில் எல்லாவற்றையும் சொல்லலாம்தான், ஆனால் நான் பேசும்போது உன் நைனா பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அவரைப் பற்றி அவர் முன்னால் எப்படிச் சொல்வது. அதனால் அவர் தூங்கும் மத்தியான வேளையில் இதை எழுதுகிறேன், மூன்று நாளாக எழுதுகிறேன், எழுத்து ஒரே மாதிரி இருக்காது.

பங்குனி மாதம் அவர் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டே வெயிலில் மயங்கி விழுந்ததிலிருந்துதான் இதெல்லாம் ஆரம்பம். களை இருந்தால்தானே வெயிலில் போய் உட்காருவார், களையே முளைக்காமல் செய்துவிடு அம்மா, தரையோடு படர்கிற செடியாக வைத்துவிட்டால் அது மண்ணை மூடிக்கொள்ளும், உனக்கும் வேலை கம்மி என்று நீ எழுதினாய். பூங்காவுக்குச் செடி வைக்கிற கம்பெனியில் வேலை செய்கிறவன் சொல்கிறானே என்று நானும் இறங்கினேன். எனக்கும் முழங்கால் வலியில் குனிய முடியவில்லை, பத்து சென்ட் தோட்டத்தில் அவர் எடுப்பது ஒரு மூலை, மீதியெல்லாம் என் தலையில்தான். முதலில் நீ சொன்ன மஞ்சள் பூக்கொடியை ஆசிரமம் பக்கம் செங்கம் ரோட்டு நர்சரியில் வாங்கி வந்து வைத்தேன். இது என்ன களையோ, நான் பார்த்ததே இல்லையே என்று அவர் அத்தனையையும் அன்றைக்கே பிடுங்கிக் குவித்துவிட்டார். குவியலைப் பார்த்த பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள், இது மஞ்சள் கரிசலாங்கண்ணி ஆச்சே, கண்ணுக்கு நல்லது என்று மடியில் கட்டிக்கொண்டு போய்க் கடைந்து சாப்பிட்டாள். பூதான் அதே மாதிரி, செடி வேறு போலிருக்கிறது, இரண்டு நாள் வயிறு போனது. கண்ணுக்குப் பதில் வயிறு தெளிந்தது என்று இன்றைக்கும் உன்னைத்தான் திட்டுகிறாள். அப்புறம் சர்க்கரைவள்ளிக் கொடி போட்டேன், அது நன்றாகத்தான் மூடியது, கிழங்குக்குப் பன்றி வந்து தோட்டத்தையே உழுதுவிட்டுப் போனது.

கடைசியில் கைகொடுத்தது நம் ஏரிக்கரைப் பொடுதலைதான். ஆடியில் வெள்ளையம்மாளும் நானுமாகக் கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுத்தோம், அது ஒரு வாரம். கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை மில்லிலிருந்து கடலைத் தோல் மூட்டை இறக்கி மண்மேல் பரப்பி, சாணுக்கு ஒன்றாகப் பொடுதலைத் தண்டை ஊன்றினோம். தினம் தண்ணீர் கேட்பதில்லை, வெட்டிவிட வேண்டியதில்லை, மேலே நடந்தாலும் சாவதில்லை, தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு போகிறது. இதையும் பிடுங்கிவிடுவாரோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம்தான். அவரோ குனிந்து ஒரு இலையைக் கசக்கி மோந்து பார்த்துவிட்டு, இது களை இல்லை, மருந்து, இது இருக்கட்டும் என்றாரே. என்னை யாரென்று கேட்கிற மனுஷன் பொடுதலையை மறக்கவில்லை. ஆமாம் வளவா, ஆவணியிலிருந்து என்னைத் தனம் என்றுதான் கூப்பிடுகிறார். உன் அத்தை தனம் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. உனக்குச் சொல்லவில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

புரட்டாசி கடைசிக்குள் தோட்டம் முழுக்கப் பச்சையாக மூடிக்கொண்டது, தேடினாலும் ஒரு களை கிடையாது. அப்பாடா என்று இரண்டு நாள் காலை நீட்டி உட்கார்ந்தேன். அதற்கு மேல் உட்கார விடவில்லை. அவர் காலையில் காபி குடித்ததும் வழக்கம்போலக் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போவார், நாலு மூலையும் சுற்றுவார், ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்து நாற்காலியில் உட்காருவார், மறுபடி எழுந்து போவார். சாப்பாடு பாதியானது. பேச்சு நின்றது. தோட்டத்தில் களை போனது, அதோடு அவர் முகத்தில் இருந்த களையும் போய்விட்டது. இரண்டுக்கும் ஒரே வார்த்தையை வைத்தவன் கெட்டிக்காரன்தான், எனக்குத்தான் சிரிக்கத் தெம்பில்லை. முப்பத்தொரு வருஷம் விவசாய ஆபீசில் பீல்டுமேனாக வரப்பு வரப்பாக நடந்து, களை பிடுங்காப் பயிர் கால் பயிர் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன். மூளையிலிருந்து ஒவ்வொன்றாகப் போனபிறகு கடைசியாகக் கையில் தங்கியது அது ஒன்றுதான். நீயும் நானுமாகச் சேர்ந்து அதையும் பிடுங்கிவிட்டோம்.

ஐப்பசி பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன், கதவு திறந்து கிடந்தது, ஆளைக் காணோம். இன்னும் கிரிவலக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது, அதோடு சேர்ந்து களைக்கொத்தும் கையுமாக நடந்திருக்கிறார். டவுனைச் சுற்றி ஆசிரமம் பக்கம் வரைக்கும் போய்விட்டார், செருப்புகூடப் போடவில்லை. அங்கே ஏதோ ஒரு லாட்ஜில் வெளிநாட்டுக்காரர்கள் உட்காருவதற்குப் புல்தரை போட்டிருக்கிறார்கள். இத்தனை அருகு மண்டிக் கிடக்கிறதே என்று உட்கார்ந்து ஒரு பாய் அளவுக்குச் சுத்தமாகக் கொத்தி எடுத்து, வேரில் மண்ணை உதறி வரிசையாக அடுக்கியும் வைத்துவிட்டாராம். வாட்ச்மேன் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். நல்லவேளை, நம்ம கொத்தனார் சகாதேவன் அங்கேதான் மாடிப் பூச்சு வேலையில் இருந்தான், சாரத்திலிருந்து பார்த்து இறங்கி ஓடிவந்து, இவர் என் மாமா, விடுங்கய்யா என்று சொல்லி ஆட்டோவில் கூட்டி வந்தான். வந்ததும் காலைக் கழுவிவிட்டேன், இரண்டு பாதமும் கொப்புளம். நான் அழுததைப் பார்த்து, ஏன் தனம் அழுவுற, களையெல்லாம் எடுத்தாச்சு என்று எனக்கே சமாதானம் சொன்னார். மறுநாளிலிருந்து கேட்டுக்குப் பூட்டு. பூட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டே நிற்பார். அந்தச் சத்தத்தை நான் என்னவென்று எழுதுவது.

அதே வாரம்தான் நீ போனில் சொன்னாய் என்று சகாதேவன் அளவு நாடாவோடு வந்து நின்றான். தோட்டம் முழுக்க சிமெண்ட் போட்டுவிட்டால் களை என்ற நினைப்பே போய்விடும், தொல்லை விட்டது என்று சொன்னாயாமே. உன்மேல் கோபமில்லை, தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அவனுக்குக் காபி கொடுத்து, சிமெண்ட் வேண்டாம், உன் கடப்பாரையை மட்டும் கொடு என்றேன். வேப்பமரத்து நிழலில் ஒரு சென்ட் அளவுக்குப் பொடுதலையைப் பெயர்த்து மண்ணைக் கிளறிப் போட்டோம். வெள்ளையம்மாளை வரப்பிலிருந்து குப்பைமேனி, நாயுருவி, கோரைக்கிழங்கு எல்லாம் கொண்டுவரச் சொன்னேன். நாம தோண்டி எறிஞ்சதையேவா என்றாள். முதலில் சிரித்தாள், அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டு போய் ஒரு கூடை கொண்டுவந்தாள். பார்த்தீனியம் மட்டும் வேண்டாம் என்றேன், அவருக்கு அரிப்பு. மீதி ஒன்பது சென்ட்டைப் பொடுதலை பார்த்துக்கொள்கிறது, என் முழங்காலுக்கு அது போதும்.

நிழலில் களைகூடச் சீக்கிரம் வருவதில்லை, மழையும் நின்றுவிட்டது. அதனால் மத்தியானம் அவர் தூங்கும்போது குடத்தில் மொண்டு போய்க் களைக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். இந்த வயதில் எனக்கு வந்த உத்தியோகத்தைப் பார். காலையில் அவர் போய் நிழலில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பிடுங்குகிறார், பத்து மணிக்குக் கைகழுவிவிட்டு வந்து தட்டு நிறையச் சாப்பிடுகிறார், கேட்டுப் பக்கம் போவதில்லை. நேற்று தூக்கம் கலைந்து சீக்கிரம் எழுந்து வந்துவிட்டார், நான் குடத்தோடு மாட்டிக்கொண்டேன். குடத்தைப் பார்த்தார், ஈர மண்ணைப் பார்த்தார். அப்புறம் பழைய பீல்டுமேன் குரலில் ஒரு அதட்டல் போட்டார். "களைக்கு எவனாச்சும் தண்ணி ஊத்துவானா ரேணு, உனுக்கு இன்னா ஆச்சு?"

ரேணு என்றார் வளவா. நாலு மாதம் கழித்து. குடத்தை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் மறுபடி தனம்தான், இருந்தால் இருக்கட்டும்.

சினேகாவை வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். நீயும் வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் உங்கள் இருவருக்கும் துணையிருக்க எங்கள் ஆசீர்வாதம். ஒன்று மட்டும் மறக்காதே, இந்தக் கடிதம் கிடைத்தபின் வருகிற வெள்ளிக்கிழமை போன் செய்யும்போது அவரிடம் எப்படி இருக்கிறீர்கள், நான் யார் தெரிகிறதா என்றெல்லாம் கேட்காதே. இன்றைக்கு என்ன களை எடுத்தீர்கள் நைனா என்று கேள். பேசுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. ரேணுகாம்பாள்