பக்கிரி மாமா கழற்றிக் கொடுத்த டயர்

சிதம்பரம்
மாசி, 2010

அன்பு மகன் காசிநாதனுக்கு அம்மா எழுதுவது. நடராசர் புண்ணியத்தில் இங்கே உயிரோடு இருக்கிறோம், மஸ்கட்டில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் டியூட்டி இருக்கும்மா என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். நம்ம டாக்சியை ஏன் இன்னும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி. சர்ட்டிபிகேட்டுக்குக் காட்டவில்லை, சும்மா நிற்கிறதே, தங்கச்சி சரண்யா வீட்டுக்காரராவது ஓட்டட்டுமே என்று கேட்கிறாய். பழைய அம்பாசிடர், ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை, ஸ்டியரிங் ஆடுகிறது, கதவுக்குக் கீழே துருப்பிடித்துக் கை நுழைகிறது. அதையெல்லாம் மெக்கானிக் பார்த்துவிடுவார். டயர்தான் இல்லை. நீ லீவில் வந்தபோது வாங்கிப் போட்ட நாலு டயர் எங்கே என்பாய், சொல்கிறேன்.

யார் வண்டிக்கு எஃப்.சி. வந்தாலும் ஸ்டாண்டில் இன்னொருத்தர் வண்டியின் நல்ல டயரைக் கழற்றி மாட்டி பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டுவதும், சாயந்திரமே திருப்பிக் கொடுப்பதும் உனக்குத் தெரியாததில்லை. அப்பாவோடு ஸ்டாண்டில் வண்டி ஓட்டின பக்கிரி மாமா ஐப்பசியில் நம்ம டயரை வாங்கிப் போய்க் காட்டினார், பாஸாகிவிட்டது. மழ நாளா இருக்கு மச்சான், ஒரு வாரம் வுட்டு வையி, நான் வேற டயர் பாத்துக்குறேன் என்று அப்பாவைக் கேட்டார். அப்பாவுக்கு மனசு இருந்தது. அந்த நேரம் பார்த்து நீ போன் செய்தாய், அப்பா விஷயத்தைச் சொன்னார். என் காசுல வாங்கினது, ஊருக்கு தானமா, இன்னைக்கே கழட்டுங்க என்று கத்தினாய். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது, பக்கிரி மாமாவுக்கும் கேட்டது. அவரே ஜாக்கி போட்டுக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தன் மொட்டை டயரை மாட்டிக்கொண்டு போனார். அந்த வாரமே கடலூரில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஆலப்பாக்கத்துக்கிட்டே மழையில் வண்டி சறுக்கி மதகுக் கட்டையில் மோதி, அங்கேயே உயிர் போய்விட்டது. ஆக்சிடெண்ட் என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். போலீஸ்காரர் பேப்பரைப் பார்த்துவிட்டு, எஃப்.சி. எல்லாம் கரெக்டா இருக்கே என்றாராம். அப்பா அதோடு ஸ்டாண்டுக்குப் போவதை விட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

போன வாரம் பக்கிரி மாமா சம்சாரம் இருசம்மாள் வந்தாள். வண்டியை டிங்கர் வேலை பார்த்து நிமிர்த்தியாயிற்று, அவள் தம்பி ஓட்டப் போகிறான், அடிபட்ட வண்டி என்பதால் மறுபடியும் காட்ட வேண்டுமாம். ஒரு நாளைக்கு அந்த டயரக் குடுங்கக்கா, சாயந்திரமே கொண்டாந்து போட்டுடுறேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். நானே ஆள் வைத்து நாலையும் கழற்றிக் கொடுத்தேன், திருப்பிக் கொண்டுவந்தால் இந்தப் படி ஏறாதே என்று சொல்லித்தான் கொடுத்தேன். நம்ம வண்டி இப்போது கல்லின் மேல் நிற்கிறது. உனக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் நிற்காதே, ஒரு குறையும் வராமல் நன்றாக இரு. லீவில் வரும்போது மறக்காமல் இருசம்மாள் வீட்டுக்கு நீயே போ. அன்றைக்குப் போனில் கத்தினது யார் என்று அவளுக்குத் தெரியும். அன்று வீட்டுக்குப் போய், புள்ள சம்பாரிச்சு வாங்கினது, அவன் கேக்குறது நியாயந்தானே என்று அவளிடம் சொன்னாராம் பக்கிரி மாமா.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா பட்டம்மாள்