உப்பு பாக்காத கஞ்சி

அன்பு ரேணுகா,

நீயும் அய்யாவும் சொகமா இருக்கீகளா? பருத்தி எடுப்பு முடிஞ்சிருச்சா? கையெழுத்து வேறயா இருக்கேன்னு இத ஒனக்கு வாசிச்சுக் காட்டுற ஒன் தம்பி முகேஷ் சொன்னாப் பதறாத. வெல்டிங் வெளிச்சம் அடிச்சு ரெண்டு கண்ணுலயும் கட்டுப் போட்டிருக்காக. சீக்கிரம் அவுத்துருவாகளாம். நான் சொல்லச் சொல்ல எழுதுறது எங்க ரூம்ல இருக்குற நைனா பாய், ராம்நாட்டுக்காரரு.

இது நோன்பு மாசம். அவரு பச்சத்தண்ணி பல்லுல படாம வேல பாத்துட்டு, மத்தியானம் ஓடியாந்து எனக்குக் கஞ்சி காச்சி ஊட்டுறாரு. நேத்து உப்பக் கூடப் போட்டுட்டாரு. நோன்புல ருசி பாக்க மாட்டாருல்ல. நானும் மிச்சம் வைக்காமக் குடிச்சேன்.

"நீங்க பட்டினி கெடக்கையில எனக்கெதுக்கு பாய்?"ன்னேன்.

"பக்கத்துல ஒருத்தன் பசியோட கெடந்தா என் நோன்பு என்னத்துக்கு ஆகும்? அவன் எந்தச் சாமிய கும்புடுறான்னு கேட்டுட்டுச் சோறு போடச் சொல்லி எங்க மார்க்கத்துல இல்ல"ன்னாரு.

நேத்துச் சாயங்காலம் போன்ல முகேஷ் ஏதோ அனுப்பிருந்தான். சொகமான்னு கேட்டிருப்பான்னு பாய வாசிக்கச் சொன்னேன். பாய்மாரு கடையில யாரும் சாமான் வாங்காதீகன்னு போட்டிருந்தான். முழுசா வாசிச்சுட்டு, "வேறொண்ணும் வரல ஜெயபாண்டி"ன்னாரு. அப்புறம் எந்திரிச்சு எனக்குத் தண்ணி மோந்து குடுத்தாரு.

ஊருலருந்து வாரவுககிட்ட மோர்மெளகா குடுத்துவிடு, ரெண்டு பேருக்கு. முகேஷ் போட்டத எழுத வேணாம்னு பாய் சொல்றாரு, நாந்தான் விடல. பள்ளிவாசல்ல பாங்கு சொல்லிட்டாக, அவரு நோன்பு தொறக்கணும்.

அவன் அனுப்புனத பாய் ஒரு எழுத்து விடாம எனக்கு வாசிச்சாரு. இத அவன் ஒனக்கு ஒரு எழுத்து விடாம வாசிக்கட்டும்.

ஜெயபாண்டி