முட்டையும் கறுப்பு முடிச்சும்

அண்ணி,

இன்று காலை கூடை பின்னுகிற புது வயர்க்கட்டு வந்தது. பிரித்ததும் வீடு முழுக்க அந்தப் பிளாஸ்டிக் வாசனை. என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டாள். எனக்கோ தோட்டத்து வரிசை வீடுகளில் உங்கள் லயத்து வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தது மாதிரி இருந்தது. பிறகு அவள் கூடைகளை வரிசையாக வைத்துக் கைப்பேசியில் படம் எடுக்க ஆரம்பித்தாள். நான் ஐஸ்பெட்டியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து முதல் கூடையின் பக்கத்தில் வைத்தேன்.

"அளவுதான் கீழ எழுதியாச்சேமா! முட்டை எதுக்கு? மளிகைக் கடையா இது?" என்றாள்.

அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போய்விடும். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் சிரம்பானில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கிளார்க். மலேசியாவில் அப்போது பலரிடம் இல்லாத இன்டர்நெட் லைன் கடையில் இருந்தது. அதனாலேயே உலகம் என் கைக்குள் இருப்பதாக ஒரு நினைப்பு. நீங்கள் லிங்கி பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலையில் இருந்தீர்கள். முதுகில் பம்பு, முகத்தில் ஒரு பழைய துண்டு. ரப்பர் மரத்தடியில் புல் சாக அடிக்கும் மருந்து உங்கள் நகத்தையும் விட்டுவைக்கவில்லை. கறுத்து, வெடித்து, ஓரம் ஓரமாக உதிர்ந்துகொண்டிருந்தது. சில நாள் மூக்கில் ரத்தம் வரும். அண்ணன் லாரியில் ஊர் ஊராகப் போகிறவர். அவர் வரும் நாளில் மட்டும் துண்டைத் துவைத்து மறைத்து வைப்பீர்கள்.

வேலை முடிந்து வந்தால் இரண்டு தடவை குளிப்பீர்கள். அதற்குப் பிறகுதான் வயரைத் தொடுவீர்கள். "திங்கிற சாமான் வைக்கிற கூடை. மருந்துக் கையோட தொடலாமா?" என்பீர்கள். உடைந்த நகத்தோடு அந்த வயரை இழுத்து முடிச்சுப் போடுவது எவ்வளவு வலித்திருக்கும்! எனக்கு அப்போது அது தோன்றவே இல்லை. கூடை அழகாக இருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

"பாப்பா, ஒன் கம்ப்யூட்டர்ல இத விக்க முடியுமாலா?" என்று கேட்டீர்கள். "ஏழெட்டு கூடைக்கு ஆளு வந்தா பத்தாது. மாசாமாசம் வேணும். அப்பத்தான் நானும் லெட்சுமிக்காவும் மருந்த விட முடியும்."

அடுத்த வீட்டு லெட்சுமியக்காவும் மருந்தடிக்கிறவர்தான். உங்கள் இருவருக்கும் வேண்டியது அவ்வளவுதான். அந்தப் பம்பை இறக்கி வைக்க வேண்டும்.

நான் இன்டர்நெட்டில் கூடைக்காக ஒரு பக்கம் தயாரித்தேன். என்ன பக்கம் அது! திறந்தால் பாட்டுப் பாடும். எழுத்தெல்லாம் மின்னி மின்னி மறையும். "உலகத் தரம் வாய்ந்த கலைப்பொக்கிஷங்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். உங்களைக் கடைக்கு வரவழைத்து, நாற்காலியில் உட்காரவைத்து, பெருமையாகக் காட்டினேன். நீங்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்: "கூடை எங்க?"

பாட்டை முதலில் எடுக்கச் சொன்னீர்கள். பிறகு ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொன்னீர்கள். சொல்லச் சொல்ல, "இது நம்ம கூடையில இருக்கா?" என்று ஒரே கேள்வி. இல்லையென்றால் அந்த வரியை அடிக்கச் சொன்னீர்கள். கடைசியில் நான்கு வரி மிஞ்சியது. எத்தனை முடிச்சு, எவ்வளவு கனம் தாங்கும், தண்ணீரில் கழுவலாமா, பின்னி முடிக்க எத்தனை நாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து நின்றது. ஆங்கிலம் தெரியாத நீங்கள் என் ஆங்கிலத்தை வெட்டுகிறீர்களே என்று!

படத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்று கேட்டீர்கள். "இது எவ்ளோ பெருசுன்னு எப்படித் தெரியும்?" அங்குலம் எழுதலாம் என்றேன். "அங்குலம் யாரு கண்ணுக்குத் தெரியுது?" தேங்காயை வைக்கலாம் என்றேன். தேங்காய் பார்க்காத நாட்டுக்காரர் என்ன செய்வார் என்றீர்கள். யோசித்தீர்கள். பிறகு முகமெல்லாம் சிரிப்பு. "முட்டை வைலா பாப்பா. கோழி எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் முட்டை போடுது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போர்ட்டிக்சனுக்குப் போனீர்கள். கையில் நல்ல சிவப்புக் கூடை, அதன் பிடியில் தொங்கும் சின்ன அட்டை, அட்டையில் நம் பக்கத்தின் முகவரி. கடற்கரையில் கூடையைக் கேட்டு வந்த வெள்ளைக்காரர்களிடம் கூடையைக் கொடுக்காமல் அட்டையை மட்டும் கொடுத்துவிட்டு வந்தீர்கள்! அந்த அட்டை யார் யார் கை மாறியதோ, இரண்டு மாதம் கழித்து நெதர்லாந்தில் கடை வைத்திருந்த ஓர் அம்மா எழுதினார். மாதிரிக்கு ஒன்று அனுப்புங்கள், பிடித்தால் மாதம் முப்பது எடுக்கிறேன் என்று. நீங்களும் லெட்சுமியக்காவும் அந்த வாரமே தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியைப் பார்த்து, அடுத்த மாதம் மருந்துக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டீர்கள்.

மாதிரிக் கூடை போனது. பதில் வந்தது. கூடையின் ஒரு பக்கத்தில் கறுப்பாக ஒரு பிசகு இருக்கிறது, படத்தில் அது இல்லை, படத்தில் ஒன்றும் பார்சலில் ஒன்றும் அனுப்புகிறவர்களிடம் முப்பது வாங்க எனக்குத் துணிவில்லை என்று எழுதியிருந்தார்.

பிசகு இல்லை, அது திருஷ்டி முடிச்சு. எந்த நிறத்தில் பின்னினாலும் ஒரு பக்கத்தில் கீழோரமாக ஒரே ஒரு கறுப்பு வயர்த்துண்டை முடிந்துவிடுவது உங்கள் லயத்து வழக்கம். பிள்ளை கன்னத்தில் மை வைப்பது மாதிரி. அதை வெளிநாட்டுக்காரர்கள் பார்த்தால் பட்டிக்காட்டுத்தனம் என்று நினைப்பார்களே என்று, படம் எடுக்கும்போது ஒவ்வொரு கூடையையும் நான்தான் திருப்பி வைத்தேன். உங்களிடம் சொல்லவில்லை.

மூன்று நாள் அந்தப் பதிலை அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். நான்காம் நாள் தோட்டத்துக்கு வந்தேன். நீங்கள் அப்போதுதான் பம்பை இறக்கிக்கொண்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "இனிமே அந்தக் கறுப்பு முடிச்சு வேண்டாம் அண்ணி. போடாம பின்னுங்க" என்றேன்.

நீங்கள் திட்டுவீர்கள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படியில் உட்கார்ந்து உங்கள் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அடுத்த மாதமும் அந்தப் பம்பு முதுகில் ஏறும் என்பது உங்கள் முகத்தில் தெரிந்தது. கடைசியில் சொன்னீர்கள்.

"முடிச்ச எடுக்கிறது ஒண்ணும் பெரிய வேலையில்ல. ஆனா அந்தம்மாவுக்கு முடிச்சு மேல கோவம் இல்ல பாப்பா. மறைச்சதுக்குத்தான் கோவம். எனக்குந்தான்."

அந்த "எனக்குந்தான்" இன்றைக்கும் சுடுகிறது.

எழுந்து போய் இரண்டு தடவை குளித்துவிட்டு வந்தீர்கள். கூடையை எடுத்து, கறுப்பு முடிச்சை நேராக என் காமிராவைப் பார்க்கத் திருப்பி வைத்தீர்கள். பக்கத்தில் முட்டை. முட்டை உருண்டுவிடாமல் உங்கள் கையாலேயே பிடித்துக்கொண்டீர்கள். "கை வேண்டாம் அண்ணி, நகம் தெரியுது" என்றேன். என் புத்தி திருந்தவில்லை பாருங்கள்! "இன்னுமா மறைக்கிற? எடுலா" என்றீர்கள்.

கடிதத்தையும் நீங்களே சொன்னீர்கள். நான் மாற்றாமல் எழுதினேன். "தப்பு எங்களுது. படம் எடுத்தவங்க முடிச்சத் திருப்பி வச்சிட்டாங்க. அது தெரிஞ்சேதான் போட்டது, பொருளுக்குக் கண்ணு படக்கூடாதுன்னு. வேண்டாம்னு சொன்னா போடாம பின்னித் தர்றோம். ஆனா இருக்கிறத இனிமே இருக்கிற மாதிரியே காட்டுவோம்."

பதினோரு நாள் பதில் இல்லை. ஒவ்வொரு நாளும் நான் போன் செய்து இன்னும் வரவில்லை என்று சொல்ல, நீங்கள் "சரி, நாளைக்குப் பாரு" என்பீர்கள். பன்னிரண்டாம் நாள் ஒரே வரி வந்திருந்தது. முப்பது கூடை, முடிச்சு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பிடிக்குப் பக்கத்தில்.

கடையில் முதலாளி இருக்கிறார் என்பதையும் மறந்து ஓவென்று அழுதேன்.

மாதக் கடைசியில் நீங்களும் லெட்சுமியக்காவும் பம்பைக் கொண்டுபோய் ஸ்டோரில் மாட்டிவிட்டு, அங்கிருந்த குழாயிலேயே கை கழுவிவிட்டு வந்தீர்கள். வேலை வாங்கும் மண்டோர் கேலி செய்தாராம், கூடை பின்னி ராணியாகப் போறீங்களா என்று. அந்த வருடத் தீபாவளிக்கு நான் வந்தபோது உங்கள் விரல்களில் நகம் முழுசாக வளர்ந்திருந்தது. பத்து விரலுக்கும் மருதாணி வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் கையை நீட்டி நீட்டிக் காட்டினீர்கள். அவ்வளவு அழகாக உங்களை நான் பார்த்ததே இல்லை.

நீங்கள் போய் இந்த மாசியோடு ஒரு வருடம். பாதியில் விட்ட பச்சைக் கூடையை லெட்சுமியக்கா பின்னி முடித்து என்னிடம் கொண்டுவந்தார். கறுப்பு முடிச்சு மட்டும் போடவில்லை. "அவ கூடைக்கு நீ போடு" என்று வயர்த்துண்டைக் கையில் கொடுத்தார். எனக்குப் பின்னத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். வாய் வேலைக்காரி என்றுதானே கேலி செய்வீர்கள்! மூன்று தடவை அவிழ்த்துக் கட்டி, கோணலாக ஒன்று போட்டேன். அதிலிருந்து வெளியே போகிற எல்லாக் கூடைக்கும் அதை நான்தான் போடுகிறேன்.

இன்று காலை நம் பக்கத்தில் ஒருவர் பிடி அறுந்துபோன கூடையைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். மகள் பதறிவிட்டாள். "எல்லாரும் பாக்கிறதுக்கு முன்ன அழிச்சிடவாமா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதற்குக் கீழே நானே எழுதினேன். "தப்பு எங்களுது. வேறு கூடை அனுப்புகிறோம்."

பிறகு முட்டை உருளாமல் என் கையால் பிடித்துக்கொண்டு, மகளை எடுக்கச் சொன்னேன். கை தெரிகிறது என்றாள். தெரியட்டும் என்றேன்.

உங்கள் பாப்பா