சாவு மேளத்துக்கு ஆடிய கண்டி

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை வத்தேகம சந்தையில் என் மானத்தை வாங்கிவிட்டாய். நானும் வீட்டுக்காரியும் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றோம். மேல் தோட்டத்திலிருந்து ஒரு சாவு ஊர்வலம் வந்தது. முன்னால் தப்பு மேளம். எல்லோரும் ஒதுங்கித் தலை குனிந்து நிற்க, என் கால் மட்டும் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. தோளும் சேர்ந்து குலுங்கியிருக்கும் போல. வீட்டுக்காரி இடுப்பில் கிள்ளினாள்.

"என்னங்க இது, எழவு மேளத்துக்குப் போய் ஆடுறீங்க! நாலு பேரு பாக்குறாங்க."

நான் என்ன செய்ய? நீ பழக்கிவிட்டுப் போன கால் இது. வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

நாடே வங்குரோத்தான அந்த வருஷத்தை நினைத்துப் பார்க்கிறேன். பெற்றோலுக்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. உன் ஆட்டோ ஓடியதைவிட நீ அதைத் தள்ளியதுதான் அதிகம். நான் கண்டி டவுனில் ஹார்ட்வெயார் கடையில் வேலை. விற்க சாமானும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. ஹேவாஹெட்டயில் ஒரே தோட்டத்து லயத்தில் பிறந்த நாம் இரண்டு பேரும் பெற்றோல் வரிசையில் உட்கார்ந்துதான் பேசித் தீர்த்தோம். களவெடுத்தவன் எல்லாம் மாளிகையில் இருக்க, நாம் ரோட்டில் கிடந்து காய்கிறோமே என்று நீ கத்துவாய். மெதுவாகப் பேசு என்று நான் உன் சட்டையைப் பிடித்து இழுப்பேன்.

பிறகு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் அரசாங்கத்துக்கு எதிராகச் சனம் கூட ஆரம்பித்தது. வாடா போவோம் என்றாய். நான் வரவில்லை என்றேன். என் பயம் உனக்குத் தெரியும். எண்பத்துமூன்று கலவரத்தில் வீடு எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர் என் அப்பா. கூட்டம் கூடினால் கடையைச் சாத்து, பஸ் ஏறு, வீட்டுக்கு வா என்று சொல்லியே என்னை வளர்த்தார். "அவங்க சண்டைடா அது. ஏதாச்சும் ஒன்னு ஆச்சுன்னா மொதல்ல நம்மளத்தான் புடிப்பாங்க" என்றேன்.

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "பெற்றோல் வரிசையில நிக்கிறப்ப மட்டும் நாம இந்த நாட்டு ஆளு. ரோட்டுல நின்னு கேக்குறப்ப வேற நாட்டு ஆளா?"

நீ கேட்டது நியாயம்தான். ஆனாலும் போகவில்லை.

நீ போனாய். போனவன் சும்மா போனாயா? தோட்டத்திலிருந்து தப்பை எடுத்து ஆட்டோவின் பின் சீட்டில், பொண்ணு அழைப்புக்குப் போகிற மாதிரி மரியாதையாக உட்கார வைத்துக் கொண்டுபோனாய். உனக்குத் தெரிந்ததோ ஒரே ஒரு அடி, சாவு அடி. திருவிழா அடியில் பிழை விட்டால் பெரியவர்கள் ஏசுவார்கள், சாவு வீட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று அதை மட்டும் பழகிய சோம்பேறி நீ. கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் அடிக்கச் சொன்னதும் அதையே அடித்தாய். அவர்களுக்கு என்ன தெரியும்? கையைத் தூக்கி, இடுப்பை வளைத்து, அப்படியொரு ஆட்டம்!

நான் எதிர்ப்பக்கம், எங்கள் கடை வாசல் நடைபாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டவுனுக்கு வந்திருந்த தோட்டத்து அக்கா ஒருத்தி மேளத்தைக் கேட்டு அடித்துப் பிடித்து ஓடி வந்தாள். "ஐயோ, யாரு தம்பி செத்தது?" நீ கையை நிறுத்தாமல் சொன்னாய்: "இன்னும் சாகலக்கா. அரசாங்கம் இழுத்துக்கிட்டு கெடக்கு!"

அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் உள்ளே இறங்கிவிட்டாள்.

அப்போதுதான் தூறல் விழுந்தது. ஈரம் பட்டதும் தப்பின் தோல் தளர்ந்து, சத்தம் செத்துப்போனது. நீ நிமிர்ந்து, அத்தனை சனத்துக்கும் கேட்க என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாய். "டேய்! மேளத்தக் காய்ச்சணும், அட்டை கொண்டாடா!" எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பாவி, ஒளிய இடமில்லாமல் செய்துவிட்டாயே என்று மனதுக்குள் திட்டினேன். ஆனால் மேளம் நிற்கக்கூடாது என்றும் தோன்றியது. கடைக்குள் ஓடி வெறும் அட்டைப்பெட்டிகளை அள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்தேன்.

கம்பஸ் பிள்ளை ஒருத்தி குடை பிடித்தாள். நான் குந்தி நெருப்பு மூட்டினேன். நெருப்பைக் கண்டதும் ஒரு பொலிஸ்காரர் வந்து நின்றார். "எந்த ஊர்?" என்று சிங்களத்தில் கேட்டார். அப்பா சொன்னது சரியாய்ப் போச்சு என்று நினைத்தேன். "ஹேவாஹெட்ட, தோட்டம்" என்றேன். அவர் குனிந்து தப்பைப் பார்த்தார். "இவ்வளவு கிட்டப் பிடித்தால் தோல் கருகிப் போகும். தள்ளிப் பிடி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

பெரஹரா ஊர்வலத்தில் மேளம் கேட்டே வளர்ந்த ஊர்க்காரர் அல்லவா? என் பயம் அத்தனையும் சிரிப்பாய் வெடித்தது. நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு எந்த நாளும் நான் நடைபாதையில் நிற்கவில்லை.

ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடிய அன்று ஆட்டோ ஸ்டாண்டில் பாற்சோறு பகிர்ந்தார்கள். நீ இரண்டு கையிலும் வாங்கித் தின்றாய். ஆள் மாறியதே தவிர கரண்ட் பில் குறையவில்லை என்று பிறகு நீயே ஏசினாய், அது வேறு கதை.

திடீரென்று நெஞ்சு வலி என்றாய், போய்விட்டாய். உன் சாவு வீட்டுக்கு ஸ்டாண்ட் முழுக்க வந்தது. தப்பு தொடங்கியதும் சிங்களப் பெடியன்களின் முகம் மலர்ந்துவிட்டது, நம்ம போராட்ட மேளம் என்று! கை தட்டிக் கோஷமும் போட்டார்கள். உன் மாமனார் முறைத்தார். உன் பெண்சாதிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விடுங்கப்பா, அவரு இதத்தான் கேட்டிருப்பாரு" என்றாள். மச்சான், அன்று அழுதேன், ஆடவும் ஆடினேன்.

இப்போது குண்டசாலையில் எங்கள் ஒழுங்கைக்கு மாதக்கணக்கில் தண்ணீர் ஒழுங்காய் வருவதில்லை. போன வாரம் அயலவர்கள் எல்லோரும் சேர்ந்து தண்ணீர்ச் சபை அலுவலகத்துக்குப் போனோம். உள்ளே போனதும் ஆளை ஆள் பார்த்து நின்றார்கள். முன்னால் போய்ப் பேசியது நான். என் சிங்களம் ஓட்டைச் சிங்களம், பக்கத்து வீட்டுச் சிங்கள நோனாவே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

நல்லா இருந்துச்சுடா.