நாற்பத்திரண்டு விலாசங்கள்

சேலம்
16-12-1957

அன்புள்ள மேரிக்கு,

உன் அம்மா சௌக்கியமாகத்தான் இருப்பார்கள். ஆனால் இங்கே கோயிலில் கேட்கிறவர்களிடம், அவர்களுக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் நீ போயிருக்கிறாய் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீ கோபித்துக்கொண்டு கிளம்பிப்போன அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

பத்தாம் வகுப்பு அரையாண்டு இங்கிலீஷ் பேப்பர் திருத்திக்கொண்டிருக்கிறேன். வெளியூரில் இருக்கும் அக்காவை லீவுக்கு வீட்டுக்கு வரச் சொல்லிக் கடிதம் எழுத வேண்டும், கீழே கட்டம் போட்டு விலாசமும் எழுத வேண்டும். அது ஒரு கேள்வி. போன மாதம் அதற்கு மாதிரியாக ஒரு கடிதத்தைப் போர்டில் எழுதிப்போட்டேன். விலாசத்துக்கு வேறு பெயர் தோன்றவில்லை. உன் பெயரையும் அயோத்தியாப்பட்டணத்து உன் அம்மா வீட்டையும் எழுதிவிட்டேன்.

இந்தப் பிள்ளைகள் போர்டில் இருப்பதை அப்படியே நெட்டுருப் போடுவார்கள் என்று பதினோரு வருஷமாகத் தெரிந்தவன் நான். நாற்பத்திரண்டு பேரும் உனக்கே எழுதியிருக்கிறார்கள்.

தலைமையாசிரியர் பேப்பர் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், கிளாஸ் பூராவுக்கும் ஒரே அக்காளுங்களா?" என்றார். நோட்ஸில் இருந்த பெயர் என்றேன். அவர் நம்பவில்லை. மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

சாயங்காலம் ஒன்றுவிடாமல் படித்தேன். நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை, முதல் பஸ்ஸிலேயே வந்துவிடு என்று நாற்பத்திரண்டு பேரும் கேட்கிறார்கள். மன்னித்துவிடு என்று ஒருத்தன்கூட எழுதவில்லை.

அதை நான் போர்டில் எழுதிப்போடவில்லை, மேரி.

உன் வீட்டுக்காரன்