நிற்கிற வண்டிக்கு ஏது கரி?

அத்தை,

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. என்மேல் உள்ள கோபத்தில் இன்றும் பட்டினி கிடக்காதீர்கள். சாயங்காலம் மெக்கானிக் வந்தால் கார் சாவியைக் கொடுங்கள். ஆயில் மாற்றத்தான், விற்க அல்ல.

இன்ஜினில் டர்போ போய்விட்டது, வண்டியைத் தலைமுழுகிவிடலாம் என்று முந்தாநாள் நான் சொன்னது தப்பு. புகைக்குழாயில்தான் அடைப்பாம். நேற்று மெக்கானிக் கேட்டார்: "உங்க வீட்டம்மா தவறினதுலேருந்து ஓடவே இல்லைங்கறீங்க. இவ்வளவு கரி எப்படிங்க வந்துச்சு? பேய் ஓட்டுதா?"

எனக்கும் புரியவில்லை. இதே கார் வைத்திருப்பவர்கள் இணையத்தில் கொட்டியிருந்த புலம்பலையெல்லாம் படித்தேன். நின்ற இடத்திலேயே தினமும் இன்ஜினைப் போட்டுப் போட்டு அணைத்தால் இப்படி அடைக்குமாம். யார் போடுகிறார்கள்? கீழ்வீட்டு அக்காவிடம் கேட்டேன்.

"உனக்குத் தெரியாதா? நீ ஆபீஸ் கிளம்பினதும் உங்க அத்தைதான் வந்து ஸ்டார்ட் பண்ணுவாங்க. பொண்ணோட வண்டி, பேட்டரி செத்துடக் கூடாதுன்னாங்க."

இனி போட வேண்டாம். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டினால் கரி தானே எரிந்துவிடுமாம். நிஜம்தானா என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. ஞாயிறு காலை போவோம். நீங்கள் முன்சீட்டில் உட்காருங்கள்.

சட்டினி மாதிரி இருப்பது நேற்றைய குழம்பு, சுடவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வண்டிக்குள் உட்கார்ந்து, மகள் பக்கத்தில் இருப்பதுபோல் பேசிக்கொண்டிருப்பீர்கள் என்றும் அக்கா சொன்னார். அவளிடம் என்ன சொல்வீர்கள், அத்தை? எனக்கு இன்னும் ஒரு வார்த்தைகூட வரவில்லை.