புதிய ஆட்கள் நூற்றிருபது பேர்

கும்மிடிப்பூண்டி,
ஞாயிறு பகல்.

அன்பு மகன் ஜோஷ்வாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சாப்பிட்டு, தூங்கி, ஒருவரோடு ஒருவர் சண்டை போடும் அளவுக்குச் சுகமாகவே இருக்கிறோம். ஓமானில், அந்தச் சோஹார் வெயிலில் நீயும் உடம்பு கெடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் காலை ஜெபமும் மாலை ஜெபமும். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். எல்லாவற்றையும் அவளே பேசி முடித்துவிட்டு, கடைசியில் நீங்களும் ஒரு வார்த்தை பேசுங்க என்று என்னிடம் நீட்டுகிறாள். நான் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தையில் அடங்காது, அவள் காதில் விழவும் கூடாது. பின் தெரு ஸ்டீபன் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறான். அவன் பையில் அம்மா வைக்கும் ஊறுகாயோடு இதையும் சேர்த்து அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

கம்பெனியில் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷத்துக்குப் புதுப்பிக்கச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடாமல் ஊருக்கே வந்துவிடப் போகிறேன் என்று போன மாதம் நீ சொன்னாய் அல்லவா, அன்றிலிருந்து உன் அம்மா தரையில் நடக்கவில்லை. உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது, கொசுவலை வாங்கியாகிவிட்டது, பெண் பார்க்கச் சொல்லி ஆயரிடமும் சொல்லிவைத்துவிட்டாள். நீ அந்த முடிவுக்கு வந்ததற்குக் காரணம் நான்தான். எங்கள் கம்பெனி கேட்டில் வைத்திருந்த போர்டைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேனே, இந்த மாதம் சேர்ந்த புதிய பணியாளர்கள் நூற்றிருபது பேர் என்று எழுதி, ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்து அதன் முன்னால் நிற்க வைத்திருந்தார்களே, அந்தப் படம். அதில் உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த பக்கத்து வீட்டு லோகுவைப் பார்த்துவிட்டு, அவனுக்கே வேலை கிடைத்துவிட்டதா, அப்படியென்றால் வெல்டிங் தெரிந்த எனக்குக் கிடைக்காதா என்று சந்தோஷமாகக் கேட்டாய். கிடைக்காமல் என்ன என்று சிரித்துவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்கிறேன். அந்த நூற்றிருபது பேரில் தொண்ணூறு பேருக்குமேல் பழைய முகங்கள். இயந்திரத்தில் விரல் போனபின் என்னை டைம் ஆபீசில் உட்கார வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. யார் எப்போது உள்ளே போனார்கள், எப்போது வெளியே வந்தார்கள் என்று எழுதுவதுதான் என் பிழைப்பு, எனக்குத் தெரியாத முகமா. வருஷம் நிறைந்தால் நிரந்தரம் கேட்பார்கள் என்று, பதினோரு மாதம் ஆனதும் கான்ட்ராக்ட் ஆட்களின் பெயரை அடித்துவிடுவார்கள். பதினைந்து நாள் வீட்டில் இருக்கச் சொல்லி, வேறொரு கான்ட்ராக்டர் பெயரில் புது நம்பர் கொடுத்து, அதே ஆளை அதே மிஷினில் நிறுத்துவார்கள். அவன் புது ஆள் ஆகிவிடுவான். லோகு அந்த மாதிரி நான்கு முறை புது ஆள் ஆனவன். உள்ளே வந்தவர்களுக்குத்தான் போர்டு, வெளியே போனவர்களுக்குப் போர்டு கிடையாது. நானே என் கையால் அடித்து எழுதிய பெயர்களை மறந்துவிட்டதுபோல அந்தப் படத்தை உனக்கு அனுப்பினேன். டிவியில் மாதாமாதம் நம் மாநிலத்தில் வேலை கூடியிருக்கிறது என்று சொல்வதையும் சேர்த்துச் சொன்னேன். அவர்கள் சொல்வது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். புதுப் புது ஷெட் எழும்புவதை நானே பார்க்கிறேன், ஒரிசா, பீகார் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள், அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் நீ எங்கே நிற்பாய் என்று யோசிக்காமல் பேசினேன். ஆறு வருஷமாக உன் முகத்தை போனிலேயே பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது ஜோஷ்வா, அதுதான் காரணம். உன்னை வரவழைக்க வேண்டும் என்ற ஆசையில் தெரிந்தே செய்தேன்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை லோகுவின் பெயரை மறுபடி அடித்தார்கள். அந்த ரோஜாப்பூ வாங்கி ஆறு வாரம்கூட ஆகவில்லை. இந்தத் தடவை பதினோரு மாதமும் பார்க்கவில்லை, பதினைந்து நாள் கழித்து வா என்றும் சொல்லவில்லை. அவனுக்கு யாரும் தகவல் சொல்லாததால் வழக்கம்போல் சாப்பாட்டு டப்பாவோடு முதல் ஷிப்டுக்கு வந்து நின்றான். பட்டியலில் பெயர் இல்லை என்றேன். நைனா, நல்லா பாரு, பேரு கீதான்னு, நாலு தபா எடுத்தவன் இப்ப உட்டுடுவானா என்றான். நான் மூன்று தடவை விரல் வைத்துத் தேடினேன், இல்லை என்று தெரிந்தே தேடினேன். கான்ட்ராக்டருக்கு போன் போட்டதற்கு, இனிமே முப்பது வயசுக்கு மேல வாணாம்னுட்டாங்க, நான் இன்னா பண்றது என்றார். லோகுவுக்கு முப்பத்து மூன்று. உனக்கும் அதே வயசு, அவனுக்கு நீ இரண்டு மாதம் மூத்தவன். அவன் திரும்பி நடந்தபோது எனக்கு உன் நடையாகவே தெரிந்தது. அன்று கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இதோடு போயிருந்தால்கூட இந்தக் கடிதத்தை இன்னும் தள்ளிப்போட்டிருப்பேன். நேற்று வார லீவில் வீட்டில் இருந்தேன். வேலைவாய்ப்புக் கணக்கெடுக்க ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு வந்தது, நல்ல பொறுமையான பெண். கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரமாவது சம்பாத்தியத்துக்காக வேலை செய்தீர்களா என்று உன் அம்மாவைக் கேட்டது. பேக்கிங் வேலை போனதிலிருந்து சும்மாதான் இருக்கிறேன், எதிர்வீட்டுக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தேன் என்றாள். வேலையில் இருப்பவர் என்று எழுதிக்கொண்டது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு பக்கத்து வீட்டில், நானும் கூடப் போய் நிற்க, லோகுவைக் கேட்டது. போன வாரமெல்லாம் கேட் கேட்டாக அலைந்தாயிற்று, இந்த வாரம் எங்கேயும் வேலை தேடிப் போகவில்லை என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். அதனால் அவன் வேலையில்லாதவர் கணக்கில் வர மாட்டானாம், தேடினால்தான் அந்தக் கணக்காம். அந்தப் பெண் மேல் தப்பில்லை, அதன் விதி அப்படி. ஆனால் தேடித் தேடிக் கால் ஓய்ந்து உட்கார்ந்தவனுக்கு இல்லாதவன் என்ற பெயர்கூட இல்லாமல் போயிற்று.

அதற்குள் உன் அம்மா அங்கேயும் வந்து, எங்க ஊட்டுல ஒரு பேரு உட்டுப்போச்சும்மா, எம் புள்ள ஜோஷ்வா என்றாள். ஆறு மாதத்துக்கு மேல் வெளியில் இருப்பவரை எழுத முடியாது என்றது அந்தப் பெண். வர மாசம் வந்துடுவான், இப்பவே எழுதிக்கினு போயேம்மா, இன்னா ஆயிடப் போவுது என்று கெஞ்சினாள். நீங்களாவது சொல்லுங்களேன் என்று என்னைப் பார்த்தாள். நான் லோகுவைப் பார்த்தேன். எழுத வேண்டாம்மா, நீ போ என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் முன்னால் இவர் ஏன் இப்படிப் பேசுகிறார் என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அதனால் வராதே ராஜா. கம்பெனி சொன்ன கெடுவான இருபத்தைந்தாம் தேதிக்குள் அந்த ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடு. அம்மாவிடம் கம்பெனி விடவில்லை என்று மட்டும் சொல்லாதே, இந்த வீட்டில் ஒரு பொய் சொன்னது போதும். அப்பாதான் வர வேண்டாம் என்றார் என்று சொல். அவள் என்னோடு பல நாள் பேச மாட்டாள், தட்டை நங்கென்று வைப்பாள். நான் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. உன் கைகளுக்குப் பலம் தருவாராக. தேதியை மறந்துவிடாதே, இருபத்தைந்து.

வா என்று எழுத மனமிருந்தும் எழுதாத,
உன் அப்பா,
பாக்கியராஜ்